மானின் மூக்கை ஏமாற்றும் புட்டி எதுவும் இல்லை: காற்றைப் பார்த்து உட்காருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபரில் தென் ஒன்ராறியோவின் பல பகுதிகளில் மான்களுக்கான வில்வேட்டை தொடங்குகிறது. நவம்பரில் துவக்கு வேட்டை வந்துவிடும். எம்மவர் வீடுகளிலும் வேட்டைப் பயிற்சி முடித்து உரிமம் எடுத்த இளையோர் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் காசைக் கொண்டுபோய்க் கொட்டுவது “மனித வாடையை முற்றாக அழிக்கும்” என்று எழுதிய தெளிப்பான்களிலும், வாடையை உறிஞ்சக் கரித்தூள் பதித்த கரியுடைகளிலும்தான். பருவம் தொடங்குமுன் இதைப்பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நான் எழுதுவது ஒன்ராறியோவின் வெள்ளைவால் மானைப் பற்றி மட்டுமே. இந்தியாவிலும் இலங்கையிலும் மான்களைச் சட்டம் காக்கிறது. அங்குள்ள வாசகர்கள் இதைத் தங்களுக்கான வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம்.

முற்றாக அழிப்பது ஏன் முடியாது? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு தொடக்கம் பதினாறு தடவை மூச்சுவிடுகிறார். ஒரு மூச்சில் ஏறத்தாழ அரை லீற்றர் காற்று வெளியேறுகிறது. ஆகவே நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லீற்றர் மனித மூச்சு காட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இடைவிடாமல் உதிர்கின்றன. அக்குளிலும் கவட்டிலும் சுரக்கும் வியர்வைக்குச் சுரக்கும்போது பெரிதாக மணம் இல்லை. தோலில் வாழும் பக்ரீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. குளித்து முடித்த சில மணி நேரத்தில் அவை மீண்டும் பெருகிவிடும். எந்த உடையும் மூச்சை மூடாது. எந்தத் தெளிப்பானும் நீங்கள் மரத்தில் கட்டிய பரணில் இருக்கும் ஐந்து மணி நேரமும் உங்களோடு வேலை செய்யாது.

அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், கரியுடை அணிந்து ஒளிந்திருந்தவர்களைத் தேடப் பயிற்சி பெற்ற நாய்களை விட்டுப் பார்த்தார்கள். அந்த உடைகள் நாய்களைத் தடுக்கவில்லை. மானின் மூக்கும் அப்படிப்பட்ட மூக்குத்தான். அதன் ஈரமான நுனி காற்றில் வரும் மணத்துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. மேலண்ணத்தில் இன்னொரு மோப்ப உறுப்பும் உண்டு.

ஆகவே முதல் வேலை, வாடை எந்தப் பக்கம் போகிறது என்று அறிவது. காற்று உங்களைத் தொட்டுவிட்டு எங்கே போகிறதோ அந்தப் பக்கம் முழுவதும் ஒரு விசிறி விரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த விசிறிக்குள் மான் வரக்கூடாது. வந்தால், நீங்கள் என்ன சவர்க்காரம் போட்டுக் குளித்திருந்தாலும் பயனில்லை. விசிறிக்கு வெளியே நின்றால், சற்று வியர்த்த மனிதரைக்கூட அது கவனிக்காமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

கைத்தொலைபேசியில் காற்றைப் பார்ப்பவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். வடமேற்குக் காற்று என்றால் வடமேற்கிலிருந்து வரும் காற்று; உங்கள் வாடை போவது தென்கிழக்குக்கு. சில செயலிகளில் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும், சிலவற்றில் வரும் திசையை. எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, வானிலை அறிக்கையில் வரும் காற்று திறந்த வெளியில் 10 மீற்றர் உயரத்தில் வீசுவது. காட்டுக்குள், மேட்டின் மறைவில், சதுப்பின் ஓரத்தில் வீசுவது வேறு. மணிக்கு 10 முதல் 25 கிலோமீற்றர் வரை சீராக வீசும் நாள் நல்ல நாள். ஐந்து கிலோமீற்றருக்குக் கீழே போனால் காற்று எந்தப் பக்கமும் ஒரு நிலையில் நிற்காது. புதியவர்கள் “இன்று காற்றே இல்லை, நல்லது” என்று நினைத்துப் போவது அந்த நாட்களில்தான். உண்மையில் அவைதான் மிகவும் கெட்ட நாட்கள்.

அறிக்கையில் வராத இன்னொன்று, நிலம் சூடாகிக் குளிர்வதால் உண்டாகும் காற்றோட்டம். விடியுமுன் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே கீழே வடியும். வெயில் சரிவில் பட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது திரும்பி மேலே ஏறத் தொடங்கும். மாலையில் நிழல் விழுந்ததும் மீண்டும் கீழே இறங்கும். நிழல் முதலில் விழுவது கிழக்குச் சரிவில், ஆகவே இறக்கமும் அங்கேதான் முந்தித் தொடங்கும். எனவே காலையில் வெயில் ஏறிய பிறகு மேட்டின் மேற்பகுதியிலும், மாலையில் மான் வரும் பாதைக்குக் கீழேயும் இருப்பது பொதுவாகச் சரி. இரண்டுக்கும் இடையே காற்று தடுமாறும் ஓர் அரை மணி நேரம் உண்டு. அப்போது என்ன செய்தாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததுதான். மேகம் மூடிய நாளில் இந்த ஏற்ற இறக்கம் பலவீனமாக இருக்கும். நயாகரா செங்குத்துச் சரிவை ஒட்டிய காடுகளிலும் ஹாலிபர்ட்டன் பக்கத்துக் குன்றுகளிலும் இது தெளிவாகத் தெரியும். ஜோர்ஜியன் குடாவுக்கும் ஹியூரன் ஏரிக்கும் அருகே இருப்பவர்கள், பகலில் ஏரியிலிருந்து கரைக்கும் இரவில் கரையிலிருந்து ஏரிக்கும் வீசும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

காற்றை அறிய மணமில்லாத தூள் அடைத்த சின்னப் புட்டி கடைகளில் கிடைக்கும். அழுத்தினால் புகைபோல வரும். ஆனால் அது இரண்டு மூன்று மீற்றருக்குள் கரைந்துவிடும். அதற்கு அப்பால் உங்கள் வாடை எந்த மரத்தைச் சுற்றித் திரும்புகிறது என்பதை அது காட்டாது. இதற்கு எங்கள் ஊர் எருக்குச் செடியின் உறவுச் செடி ஒன்று ஒன்ராறியோ வேலியோரமெங்கும் முளைத்துக் கிடக்கிறது: மில்க்வீட். எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பது போலவே இதன் காயும் வெடித்துப் பறக்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் காய் காய்ந்து சாம்பல் நிறமாகி வெடிக்கும் தறுவாயில் இரண்டு மூன்றைப் பறித்தாலே ஒரு பருவத்துக்குப் போதும். விதைகளை அங்கேயே உதிர்த்துவிடுங்கள். மொனாக் பட்டாம்பூச்சியின் புழு இந்தச் செடியைத் தவிர வேறெதையும் தின்னாது. அந்த இடத்தில் செடி மீண்டும் முளைக்கட்டும். பஞ்சை மட்டும் வெறும் மாத்திரைக் குப்பியில் அடைத்துச் சட்டைப்பையில் வையுங்கள்.

பரணில் ஏறியதும் ஓர் இழையை விடுங்கள். தொலைநோக்கியால் பின்தொடர்ந்தால் ஐம்பது மீற்றருக்கு அப்பாலும் தெரியும். அது நேரே போகிறதா, பள்ளத்தில் இறங்கித் தேங்குகிறதா, ஒரு மரக்கூட்டத்தில் மோதித் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் விடுங்கள். பரண் வைக்குமுன்பே, வேட்டை இல்லாத மாதங்களில், வெவ்வேறு காற்றில் இதைச் செய்து குறித்துவைத்தால் இன்னும் நல்லது. காசில்லாத இந்த ஒரு பொருள், நூறு டொலர் உடையைவிட அதிகம் சொல்லித்தரும்.

பரணுக்கான இடம் இந்தப் பஞ்சு சொன்னபடி அமையட்டும். மான் வரும் என்று எதிர்பார்க்கும் பாதைக்குக் குறுக்காகக் காற்று வீசுவது சிறப்பு. மான் நடக்கும் வழியிலிருந்து நேரே உங்களை நோக்கிக் காற்று வருவது இன்னும் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் வயதான ஆண்மான்கள் தமக்குப் பின்னாலிருந்து காற்று அடிக்கும் வழியில் நடக்க விரும்புவதில்லை. மூக்கு முன்னே உள்ளதைச் சொல்லும்படிதான் பாதையைத் தேரும். ஆகவே அதற்குத் தான் பத்திரமாக இருப்பதாகத் தோன்றவேண்டும், உங்கள் வாடையோ அதன் பாதையைச் சற்றே தவறிப் போகவேண்டும். ஐந்தாறு மீற்றர் உயரம் உதவும். வாடை அருகில் நிற்கும் மானின் தலைக்கு மேலே கடந்துபோகும். ஆனால் குளிர்ந்து அசையாத மாலையில் அது பரணின் அடியிலேயே வந்து விழும். உயரத்தை நம்பிக் காற்றை மறக்க வேண்டாம். உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டி இல்லாமல் ஏறவும் வேண்டாம்.

ஒரே இடத்தில் ஒரே பரணை வைத்துக்கொண்டு எந்தக் காற்றிலும் போய் அமர்வதுதான் நான் காணும் பெரிய பிழை. குறைந்தது இரண்டு இடம் வேண்டும், ஒன்று மேற்குக் காற்றுக்கு, மற்றது கிழக்கு அல்லது தெற்குக் காற்றுக்கு. காற்று இரண்டுக்கும் பொருந்தாவிட்டால் வீட்டில் இருங்கள். மோப்பம் பிடித்த மான் அன்று மட்டும் தப்பி ஓடுவதில்லை. நிலத்தைக் காலால் தட்டி, மூக்கால் சீறி, வெள்ளை வாலை உயர்த்தி மற்றவற்றையும் கிளப்பிவிடும். குளம்புகளுக்கிடையே சுரப்பி இருப்பதால் தட்டிய இடத்தில் அதன் வாடையும் தங்கும். இப்படி ஓரிரு தடவை நடந்தால் அந்தப் பக்கம் பகலில் வருவதையே விட்டுவிடும்.

போகும் வழியும் வரும் வழியும் பரணைப் போலவே முக்கியம். விடியற்காலையில் சோளம், சோயா வயல்களில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். வயலைக் குறுக்கே கடந்து போகாதீர்கள். பகலில் அவை படுத்திருக்கும் சீடர் மரச் சதுப்பின் பக்கம் உங்கள் வாடையை அனுப்பும் வழியும் ஆகாது. ஓடை, வாய்க்கால் வழியே நடப்பது நல்லது. இலை, கிளைகளை வெறுங்கையால் ஒதுக்காதீர்கள். கிளை வெட்ட வேண்டியதைப் பருவத்துக்குப் பல வாரம் முன்பே கையுறையோடு முடித்துவிடுங்கள்.

நடக்கும்போது வியர்ப்பது பலர் செய்யும் பிழை. தடித்த குளிருடையோடு ஒரு கிலோமீற்றர் நடந்தால் உள்ளாடை நனைந்துவிடும். பிறகு அந்த ஈரம் வாடையும் தரும், குளிரும் தரும். இருபது நிமிடம் முந்திப் புறப்படுங்கள். ஒற்றை உடையோடு மெதுவாக நடங்கள். தடித்த மேலுடையைப் பையில் கொண்டுபோய் மேலே அமர்ந்தபின் போடுங்கள். உள்சட்டை நனைந்துவிட்டால் மாற்றி, நனைந்ததை இறுக மூடும் பிளாஸ்ரிக் பையில் வையுங்கள். உள்ளாடைக்குப் பொலியெஸ்ரரைவிட மெரினோ கம்பளி மேல். பொலியெஸ்ரர் எண்ணெய்ப்பசையான வாடைப் பொருட்களைப் பிடித்துவைத்து விடாமல் வெளியிடும்; கம்பளி அவ்வளவாக விடாது. துவக்குப் பருவத்தில் சட்டப்படி அணிய வேண்டிய செம்மஞ்சள் உடையும் தொப்பியும் இந்த மாற்றல்களுக்கு இடையே ஒரு கணமும் பைக்குள் போகக்கூடாது. இடுப்புக்கு மேலே எல்லாப் பக்கமும் தெரியும்படி குறைந்தது 400 சதுர அங்குலம் என்பது ஒன்ராறியோ விதி. மானின் கண்ணுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது. பக்கத்துக் காட்டில் இருக்கும் வேட்டைக்காரரின் கண்ணுக்குத் தெரியும்.

இனி வீட்டுக்குள் வருகிறேன். கடைகளில் விற்கும் வழிகாட்டிகள் எங்கள் வீடுகளை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. கறித்தூள் வறுக்கும் வாசம், தாளிப்பு, கருவாடு, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் துணியில் ஏறி வாரக்கணக்கில் தங்கும். வேட்டை உடுப்பைச் சமையலறையோடு காற்றுத் தொடர்புள்ள எந்த அலுமாரியிலும் தொங்கவிடாதீர்கள். கராஜும் ஆகாது, அங்கே பெற்றோலும் புல்வெட்டும் இயந்திரமும் இருக்கும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, உடுப்பை அதற்குள் வைத்து வெளித்திண்ணையில் வையுங்கள்.

துவைப்பதற்கும் ஒரு முறை உண்டு. துவைக்கும் இயந்திரத்தின் உள்ளே பழைய வாசனைச் சவர்க்காரமும் துணி மென்மையாக்கியும் படிந்திருக்கும். முதலில் துணியில்லாமல், ஒரு கோப்பை அப்பச்சோடாவோடு சுடுநீரில் ஒருமுறை ஓடவிடுங்கள். முன்பக்கக் கதவுள்ள இயந்திரமென்றால் கதவின் றப்பர் வளையத்தின் மடிப்பையும் துடையுங்கள். வாசம் ஒளிந்திருப்பது அங்கேதான். பிறகு மணமும் ஒளியூட்டும் பொருளும் இல்லாத சவர்க்காரத்தில், வழக்கமான அளவில் பாதி போட்டு, இரண்டு தடவை அலசுங்கள். “பளிச்சென்ற வெண்மை” தரும் சவர்க்காரங்கள் புறஊதா ஒளியை நீல ஒளியாக மாற்றுபவை. மானுக்குச் செம்மஞ்சள் தெரியாதே தவிர நீலம் நன்றாகத் தெரியும். உலர்த்தும் இயந்திரத்தில் வாசனைத் தாள் போட்ட பழக்கம் இருந்தால் அதற்குள் இந்த உடுப்பைப் போட வேண்டாம். வெளியே கொடியில் காயவிடுங்கள். சமையலறைப் புகைபோக்கியின் வாய் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள்.

உடலுக்கு அதிகம் சொல்வதற்கில்லை. போகும் நாள் காலையில் மணமற்ற சவர்க்காரத்தால் தலையோடு குளியுங்கள். தேங்காயெண்ணெயும் தைலமும் வேண்டாம். துவாயும் அதே மணமற்ற சவர்க்காரத்தில் துவைத்ததாக இருக்கட்டும். முதல்நாள் உணவில் உள்ளியையும் வெந்தயத்தையும் குறைக்கலாம். உள்ளியின் கந்தகப் பொருள் இரத்தத்தில் கலந்து அடுத்த நாளும் மூச்சில் வரும். பல் தீட்டினால் போகாது. வெந்தயத்தின் மணம் வியர்வையில் வரும். இதனால் மட்டும் ஒரு மான் ஓடிவிடும் என்று பயமுறுத்தவில்லை. காற்றைக் கவனிக்காமல் வெந்தயத்தைக் கவனிப்பவரும் உண்டு, அது தலைகீழ்.

வாகனத்தில் வாசனை அட்டை தொங்கினால் கழற்றிவிடுங்கள். பெற்றோல் முதல்நாளே அடியுங்கள். வழியிலே கோப்பிக்கு நிற்பது வழக்கமென்றால் வேறு உடுப்போடு நின்று, காட்டோரத்தில் வந்து மாற்றுங்கள். காலுக்கு முழங்காலை எட்டும் றப்பர் பூட்ஸ். தோல் சப்பாத்து வாடையை உறிஞ்சி ஒவ்வொரு அடியிலும் நிலத்தில் விட்டுப்போகும். புதிய றப்பருக்கே கடும் வாசம் உண்டு, அதைச் சில வாரம் வெளியில் காற்றாட வையுங்கள். அந்தப் பூட்ஸோடு பெற்றோல் நிலையத் தரையில் கால் வைக்கக்கூடாது.

விற்பனைப் பொருட்களுக்கு வருவோம். தெளிப்பான் வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்யலாம்: மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் 500 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 500 மில்லிலீற்றர், அப்பச்சோடா கால் கோப்பை, மணமற்ற ஷாம்பூ 30 மில்லிலீற்றர். கலந்தபின் மூடியை இறுக்காமல் இரண்டு மூன்று நாள் வையுங்கள். வாயு வெளியேறும், இறுக்கினால் புட்டி வெடிக்கலாம். வெளிச்சம் பட்டால் பெரொக்சைட் கெடும் என்பதால் நிறமுள்ள புட்டி வேண்டும். முதலில் உடுப்பின் உட்புறத்தில் சிறிது தெளித்து நிறம் மங்குகிறதா என்று பாருங்கள். பூட்ஸ், பை, பரணின் ஏணிப்படி ஆகியவற்றுக்கு இது போதும்.

கரியுடை வாடையைப் பிடிக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் கரியின் நுண்துளைகள் நிறைந்துவிடும். வீட்டு உலர்த்தியில் போட்டால் அது “புதுப்பிக்கப்படும்” என்பார்கள். தொழிற்சாலைகளில் கரியைப் புதுப்பிக்கப் பல நூறு பாகை வெப்பம் வேண்டும், வீட்டு உலர்த்தி அதன் அருகில்கூட வராது. காட்டு மண், பைன் மரம் என்று மணமூட்டும் மறைப்புத் திரவங்களை நான் எவருக்கும் சொல்வதில்லை. நல்ல சமையல்காரர் குழம்பின் ஆவியில் சீரகத்தையும் வெந்தயத்தையும் பிரித்தறிவதுபோல மான் பைன் வாசத்தையும் மனிதரையும் தனித்தனியே அறியும். ஓசோன் கருவிகள் விடயத்தில் கடுமையாகவே சொல்கிறேன்: மனிதர் இருக்கும் அறையில் ஓசோனை ஓடவிடுவது நுரையீரலுக்குக் கேடு, ஆஸ்த்மா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது. றப்பரிலும் இழுபட்டிகளிலும் அது வெடிப்பு விழச் செய்யும்.

மானின் சிறுநீர் என்று இணையத்தில் விற்கும் புட்டிகள் பற்றி ஒரு எச்சரிக்கை. மான், எல்க், மூஸ் இவற்றின் உடல் திரவம் கலந்த பொருளை வேட்டைக்காக வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் ஒன்ராறியோவில் சட்டவிரோதம். மான்களைக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் அவற்றின் சிறுநீர், உமிழ்நீர் வழியே பரவும். நோயை உண்டாக்கும் பிறழ்ந்த புரதம் மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் காடுகளில் இந்த நோய் இருக்கிறது. கியூபெக்கில் 2018இல் ஒரு பண்ணையில் கண்டறியப்பட்டது. செயற்கையாகச் செய்தவை அனுமதிக்கப்பட்டவை. புட்டியில் ஒட்டியுள்ள விவரத்தை முழுதாக வாசித்து வாங்குங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வில்லால் வேட்டையாடுபவர் மானுக்கு முப்பது மீற்றருக்குள் இருக்க வேண்டும். கப்பிகள் பொருத்திய கூட்டுவில்லின் அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 90 மீற்றர் போகும். ஒலியோ 340 மீற்றர். நாண் ஓசை அம்புக்கு முந்தி மானை எட்டிவிடும். அமைதியாக மேயும் மான் அதற்கு மெதுவாகவே அசையும். அரைகுறையாக வாடை பிடித்து விறைத்து நிற்கும் மானோ உடலைச் சட்டென்று தாழ்த்திப் பாயும்; நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் தைக்கும். அது காயத்தோடு ஓடி எங்கோ நாட்கணக்கில் துடித்துச் சாகும். காற்றைக் கவனிக்காதவர் கையில் வில் இருக்கக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். மான் தலையை உயர்த்தி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்போது நாணை விடாதீர்கள். அது மீண்டும் மேயத் தொடங்கும்வரை பொறுங்கள், இல்லையென்றால் போகவிடுங்கள்.

ஒன்ராறியோ அரசு ஒவ்வோர் ஆண்டும் வேட்டை விதிகளின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியிடுகிறது. அதில் மானுக்கான பகுதியை, குறிப்பாகப் பருவத் திகதிகள், செம்மஞ்சள் உடை, உடல் திரவத் தடை, சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்வரை என்ற நேர வரம்பு ஆகியவற்றை, உங்கள் பத்திரிகை செப்டெம்பரிலேயே தமிழில் வெளியிட்டால், பிள்ளைகளோடு முதன்முறை காட்டுக்குப் போகும் பெற்றோருக்கு உதவும். வேட்டை முகாமைத்துவப் பகுதிக்குப் பகுதி திகதி மாறும் என்பதையும் தலைப்பிலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பீற்றர்பரோ, ஒன்ராறியோ